புழுதிக்குக் கட்டிய துண்டு

சித்தப்பாவுக்குக் கருநாக்கு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவர் வராது என்று சொன்னது வராது. நடக்காது என்று சொன்னது நடக்காது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இறங்கி, சற்று உள்ளே நடந்தால் வரும் எங்கள் ஊரில் இதற்குச் சாட்சி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுப் பசு சினையாக இருந்தபோது, "காளங்கன்னாத்தான் போடும்" என்றார், காளைக்கன்றைத்தான் போட்டது. அத்தை மகனுக்குப் பேசிய இடத்தில், "பொண்ணு தர மாட்டாக" என்றார், தரவில்லை. ஊருக்குள் புதிதாக மினி பஸ் வந்த அன்று மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், "எத்தனை நாளைக்கு ஓடும்னு பாக்கத்தான போறோம்" என்றார். மறு பொங்கலுக்குள் அது நின்றுபோயிற்று.

அவர் சொல்லிப் பொய்த்துப்போனவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் சொல் பொய்த்தது என்றால் அங்கே நல்லது நடந்திருக்கிறது என்று பொருள். நல்லது நடந்த வீட்டில் எல்லோரும் அதைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். முன்பு யார் என்ன சொன்னார் என்று தேடிப் பார்க்க அங்கே யாருக்கும் பொழுதிருக்காது.

சித்தப்பா என் அப்பாவுக்கு அடுத்தவர். வீடு ஒன்று, அடுப்பு இரண்டு என்று இருந்தோம். எனக்குப் பரீட்சை நாட்களில், அவர் கொல்லைப்பக்கம் பல் துலக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா என்னை வாசல் வழியாகத் தள்ளிவிடுவார். எதிரே வந்து, "பாஸாயிருவியா?" என்று ஐயத்தோடு ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போயிற்று. ஆனாலும் அவர் கெட்டவரல்லர். திருச்சுழித் தேரோட்டத்தில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்தில் நெடுநேரம் நிற்பார். நிற்கும் நேரமெல்லாம், "விழுந்துருவ, விழுந்துருவ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். என் இரண்டு கணுக்கால்களையும் அவர் பிடித்திருந்த பிடி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒருநாளும் நான் விழுந்ததில்லை. எந்தப் பொருளின்மேல் அவருக்கு ஆசை மிகுந்திருந்ததோ அதைப் பற்றித்தான் அவர் வாயில் கெட்ட சொல் அதிகம் வந்தது என்பதைப் பின்னாளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

சித்தி பந்தல்குடிக்காரர். தூத்துக்குடி ரோட்டில் அவருடைய அண்ணனுக்கு ஒரு டீக்கடை இருந்தது. லாரிகள் நின்று போகிற இடத்தில் வளர்ந்தவர். வடக்கே எங்கோ லோடு ஏற்றிப் போகிற டிரைவர், "திரும்பி வாரப்ப உனக்கு வளையல் வாங்கியாரேன் தங்கச்சி" என்று சொல்லிப் போனால், அந்த லாரியின் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருக்கும் பிள்ளையாக இருந்தாராம். "வந்துச்சா சித்தி?" என்று கேட்டால், "ஒருத்தரு வாங்கியாந்தாருல்ல!" என்பார். வாங்கி வராமல் போனவர்களைப் பற்றி அவர் சொன்னதே கிடையாது.

கலியாணமாகி வந்த முதல் மாதத்திலேயே அம்மா அவரிடம் கருநாக்கு விஷயத்தை எச்சரிக்கையாகச் சொல்லி வைத்தார். சித்தி அதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. நாங்களெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், காட்டு வேலை முடித்து வந்த சித்தப்பாவை நேரே வழிமறித்தார்.

"நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கு?"

"டாக்டரு சொன்னா மட்டும்தான் நீட்டுவீகளா? நீட்டுங்கன்னா நீட்டுங்க."

அத்தனை பேர் முன்னிலையில் சித்தப்பா நாக்கை நீட்டினார். சித்தி இப்படியும் அப்படியுமாகக் குனிந்து, சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மும்முரத்தோடு பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நல்லா பாத்துட்டேன் அக்கா. ரோஸாத்தான் இருக்கு. உங்க கொழுந்தனாருக்கு நாக்கு நல்ல நாக்கு. வாய்தான் கொஞ்சம் ஒரு மாதிரி" என்றார். அப்பா கடலைச் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அவருக்கு முன்வரிசைப் பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்த மறுகணமே, "இப்படிச் சிரிக்கக் கூடாது, அப்புறம் அழ வேண்டி வரும்" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வீட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புதான். அதன் பிறகு வந்தவை மெல்ல மெல்ல வந்தன.

சித்தி கிணற்றடியில் ஒரு எலுமிச்சங்கன்று வைத்தார். "இந்த உப்புத்தண்ணிக்கு அது பிழைக்காது" என்றார் சித்தப்பா. சித்தி சில காலம் வீம்புக்கு நீர் ஊற்றினார்; பிறகு, பிழைக்காத ஒன்றுக்கு ஊற்றுவானேன் என்று கை சோர்ந்தது; கன்று பட்டுப்போயிற்று. தையல் மெஷின் வாங்கி வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கலாம் என்றார். "இந்த ஊர்ல யாரு உங்கிட்டக் குடுக்கப் போறா? எல்லாம் டவுனுக்குத்தான் ஓடுவாளுக" என்றார் சித்தப்பா. மெஷின் வரவில்லை, ஊர்ப் பெண்கள் டவுனுக்கே போனார்கள். சித்தப்பா சொன்னது மீண்டும் பலித்தது என்று வீட்டில் வியந்துகொண்டார்கள்.

ஒரு வைகாசியில் சித்தி மாங்காய் கேட்டார். அம்மா என்னை அருகே விடாமல் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இருவர் முகமும் மலர்ந்திருந்தது. சித்தப்பா மாத்திரம் வாசலில் நின்றபடி, "ஊரெல்லாம் சொல்லாதீக. நிக்கணும்ல? நிக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார். சொன்னவர் அன்று மாலையே பரளச்சிச் சந்தைக்குப் போய், ஒரு கோணிப்பை நிறைய மாங்காய் சுமந்து வந்தார். ஆடி பிறக்குமுன் ஒருநாள் சித்தியை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது சித்தி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அடுப்பங்கரையில் அம்மா யாரிடமோ, "வாயை வச்சிட்டாகளே அவுக" என்றது என் காதில் விழுந்தது. சித்தப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

அதன்பின் சித்தி தம் எண்ணங்களைக் கணவரிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். என்னிடம் சொல்லத் தொடங்கினார். நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்குச் சடை பின்னிக்கொண்டே, இந்தச் சுவரை இடித்து ஒரு சன்னல் வைத்தால் காற்று எப்படி வரும் என்று சொல்வார். திருச்செந்தூர்க் கடலை எனக்கு எப்படிக் காட்டுவார் என்று சொல்வார். செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் பேச்சு நின்றுவிடும். "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்ற ஒன்று மட்டும் அவர்களுக்கிடையே மிஞ்சியது. ஒரு பெண் தன் ஆசைகளைக் களவுப்பொருள்போல வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வதில் எவ்வளவு தனிமை இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தி எனக்கே எனக்கானவராகிவிட்டார் என்று மகிழ்ந்திருந்தேன்.

அந்தப் புரட்டாசியில்தான் விதைப்பு நடந்தது.

காடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் நிலம் கரிசல். கிணற்றுப் பாசனம் பேருக்குத்தான்; எல்லாம் வானத்தை நம்பியது. மழை வருமுன்பே, காய்ந்து பொடியாகக் கிடக்கும் மண்ணில் விதையை வீசி உழுது மூடிவிடுவார்கள். புழுதி விதைப்பு என்பார்கள். ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் விதை தானே எழுந்துகொள்ளும். மழை வரட்டும், பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் நனைந்த கரிசல் காலைக் கவ்விக்கொள்ளும்; டிராக்டர் இறங்காது; நிலம் காய்ந்து இடம் கொடுப்பதற்குள் பருவம் கடந்திருக்கும். மழை தவறினாலோ போட்ட விதை எறும்புக்கும் குருவிக்கும்தான். புழுதியில் விதைப்பவர் இன்னும் வராத ஒன்றை நம்பிக் கையில் இருப்பதை மண்ணில் போடுகிறார். அப்பா ஆண்டுதோறும் போட்டார். வரப்புக்கு அந்தப்பக்கம் தம் பங்கை வைத்திருந்த சித்தப்பா ஆண்டுதோறும் காத்திருந்தார். "எறும்புக்குப் படியளக்க என்னால முடியாது" என்பார். அப்பாவின் பக்கம் பச்சையும், சித்தப்பாவின் பக்கம் கறுப்புமாக, எங்கள் காடு பாதியில் நிறுத்திய கோலம்போலக் கிடக்கும்.

அந்த ஆண்டு சித்தி அம்மாவிடம் வந்து, "அக்கா, இந்த வருசம் எங்க பங்கையும் புழுதியில போட்டுருவோம்" என்றார்.

"உம் புருசன் சம்மதிக்கணுமே?"

"அவுகளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுவாக. அதுக்கப்புறம் போட்டு என்ன, போடாம என்ன?"

அம்மாவுக்கு அது முற்றிலும் நியாயமாகப் பட்டது. அப்பாவுக்கும் பட்டது. கருநாக்கில் நம்பிக்கை உள்ள குடும்பத்தில் அதைவிடத் தெளிவான ஏற்பாடு இருக்க முடியாது. பரளச்சியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து ஒன்று வந்தது. வீட்டுக்கு ஒருவர் தலைகாட்ட வேண்டும் என்று அப்பா தம்பியை அனுப்பினார்.

"நான் போய்ச் சேருறதுக்குள்ள பந்தி முடிஞ்சிருக்கும்" என்றார் சித்தப்பா.

"முடிஞ்சா உக்காந்து வெத்தலை போட்டுட்டு வாடா. சாயங்காலம் வந்தாப் போதும்" என்றார் அப்பா.

அவர் ஏறிய பேருந்து கண்ணுக்கு மறைந்ததும் டிராக்டர் காட்டில் இறங்கியது. சித்தி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து, குதிரைவாலி விதையை வீசிக்கொண்டே நடந்தார். பின்னால் டிராக்டர் உழுது மூடிக்கொண்டு வந்தது. எழுந்த புழுதியில் அவர் மறைந்து மறைந்து தெரிந்தார். வெளிப்பட்டபோதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. "இந்தா பாரு பிள்ள, சித்தப்பாட்ட மூச்சு விடக் கூடாது" என்று தம் உள்ளங்கையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊர்ப் பெருங்காரியத்தில் எனக்கும் பங்கு கிடைத்துவிட்ட பெருமை எனக்கு.

மாலையில் சித்தப்பா காட்டுப்பாதை வழியாகத்தான் வந்தார். வந்தவர் கை கால் கழுவினார். "பந்தி எப்படிடா?" என்று அப்பா அளவுக்கு மீறிய அக்கறையோடு கேட்டார். சித்தப்பா தலையை மட்டும் அசைத்தார். காட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இருட்டிருச்சுல்ல, கவனிச்சிருக்க மாட்டாக" என்று அம்மா சித்தியின் காதில் சொன்னார். விவசாயி ஒருவன் தன் காடு உழுதிருப்பதைக் கவனிக்காமல் போவான் என்று நம்புவதற்கு நாங்கள் எல்லோரும் ஆயத்தமாக இருந்தோம்.

பிறகு காத்திருப்பு. சித்தப்பா இருக்கும்போது மழை என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. டிவியில் வானிலைச் செய்தி வந்தால் அம்மா சட்டென்று வேறு சேனல் மாற்றுவார். அதே நேரத்தில் சித்தப்பாவும் எழுந்து வெளியே போய்விடுவார். அந்திக்கு அந்தி சித்தி என்னை இழுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போய், கிழக்கே மின்னுகிறதா என்று பார்ப்பார். "இன்னிக்கு லேசா வெட்டுச்சுல்ல?" என்பார். வெட்டாத அன்றும் நான் ஆமாம் என்பேன்.

இதற்கிடையே வீட்டில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. சித்தப்பா பேசுவது குறைந்துகொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய நின்றுவிட்டது. டீக்கடையில் ஒருவர் வேண்டுமென்றே, "ஏலே, இந்த வருசம் மழை எப்படி? உன் வாயால ஒண்ணு சொல்லேன்" என்று சீண்டினாராம். அப்படிக் கேட்டால் அரைமணி நேரம் பதில் சொல்லக்கூடியவர், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

"தெரிஞ்சுபோச்சு அக்கா. கோவத்துல இருக்காக. அதான் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாக" என்றார் சித்தி.

ஒருநாள் பள்ளி விட்டு, அப்பாவுக்குத் தூக்குவாளியில் காப்பி கொண்டு காட்டுக்குப் போனேன். வரப்பின் அந்தப்பக்கம் சித்தப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் போடும் துண்டை வாயைச் சுற்றி, பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். ஒரு விரலால் மண்ணைக் கீறி, உள்ளே எதையோ பார்த்தார். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடியும் கீறினார். காற்றே இல்லை. தும்பைச் செடிகூட அசையவில்லை. அதை நான் கண்டேன். கண்டதற்கு ஒரு பொருள் உண்டென்று மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். "சித்தப்பா நம்ம காட்டுல இருந்தாக. துண்டை வாயில கட்டியிருந்தாக."

சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு ஒரு நொடி நின்றது.

"புழுதிக்குக் கட்டியிருப்பாக" என்றார்.

நான் விளையாடப் போய்விட்டேன்.

மழை ஐப்பசி பிறந்ததும் வந்தது. பகல் பொழுதிலேயே கிழக்கு கறுத்து, மண் வாசனை முதலில் வந்து, பின்னால் மழை வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அம்மா அண்டா குண்டாக்களையெல்லாம் கூரைத் தண்ணீருக்கு எடுத்து வைத்தார். சித்தி முற்றத்தின் நடுவில் போய் நின்று முகத்தை மேலே தூக்கிக் காட்டினார். சேலை முழுக்க நனைந்த பிறகு திரும்பி, வாசற்படியில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு வார்த்தை போதும். அது நல்ல வார்த்தையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 'உள்ளே வா, காய்ச்சல் வரும்' என்றிருந்தாலும் போதும். சித்தப்பாவின் வாய் திறந்தது. உடனே துண்டின் நுனியை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சித்தி இன்னும் கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றார்.

குதிரைவாலி முளைத்தது. அந்த ஆண்டுதான் எங்கள் காடு முதன்முதலாக இருபக்கமும் ஒரே பச்சையாக நின்றது. போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "உன் பொண்டாட்டி கெட்டிக்காரிப்பா" என்று சித்தப்பாவிடம் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். களை எடுக்கும்போது எல்லோருக்கும் முன்னால் போனார், குருவி விரட்டினார், வாய் மட்டும் திறக்கவில்லை.

"மழை பேஞ்சும் அவுக வாயிலருந்து ஒரு சொல்லு வரலையே அக்கா. நான் போட்டது முளைச்சதுல அவுகளுக்குச் சந்தோசம் இல்ல" என்று சித்தி அம்மாவிடம் சொன்னார். அழவில்லை. எலுமிச்சங்கன்றுக்கு நீர் ஊற்றுவதை நிறுத்தியபோது இருந்த முகமே அப்போதும் இருந்தது.

தீபாவளிக்குச் சித்தியின் அண்ணன் வந்து அழைத்தார். சித்தி போனார். "அறுப்புக்கு வந்துருவேன்த்தா" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் பேருந்து ஏறினார். கார்த்திகை ஆயிற்று, வரவில்லை. "போய்க் கூட்டிட்டு வாடா" என்றார் அப்பா. சித்தப்பா நெடுநாளைக்குப் பிறகு வாய் திறந்து, "கூப்பிட்டா வரவா போறா? வர மாட்டா" என்றார். அம்மா பதறிப்போய், "இதை எதுக்கு வாயால சொல்றீக?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அம்மாவே பந்தல்குடிக்குப் போனார். சித்தி சொன்ன பதில், "அவுகளா கூப்பிட வர மாட்டாக, விடுங்க அக்கா." கணவர் கூப்பிட வரமாட்டார் என்று சித்தி அங்கே உறுதியாக இருந்தார்; கூப்பிட்டாலும் மனைவி வரமாட்டார் என்று சித்தப்பா இங்கே உறுதியாக இருந்தார். இரண்டு உறுதியும் பலித்தன. இரண்டாவதாகப் பலித்த சித்தியின் நாக்கை யாரும் நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை.

அறுப்பு முடிந்ததும், சித்தப்பா நல்ல மணியாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டினார். அதைத் தாமே தைத்து, தூத்துக்குடி போகும் லோடு வண்டி ஒன்றில் பந்தல்குடிக்கு அனுப்பினார். சேர்த்துச் சொல்ல ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை. மூட்டையைப் பார்த்த சித்தி, "எம் பங்கைப் பிரிச்சு அனுப்பிட்டாகளா?" என்று கேட்டாராம். அதன்பின் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எனக்குச் சடை பின்ன அம்மாவுக்குப் பொறுமையில்லை, முடியைக் கத்தரித்துவிட்டார்கள்.

நான் படித்து, மணமாகி, இப்போது மதுரையில் இருக்கிறேன். போன புரட்டாசியில் ஒரு வேலையாக ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. காட்டுக்கு நடந்தேன். டிராக்டர் அப்போதுதான் கரையேறியிருந்தது. குதிரைவாலி விதைத்து மூடிய புழுதியின் ஓரத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். அன்றும் காற்று இல்லை. நான் அருகே போய் உட்கார்ந்தேன். அவர் முடிச்சை அவிழ்த்தார்.

"புழுதிக்கா சித்தப்பா?" என்று துண்டைக் காட்டிக் கேட்டேன்.

"புழுதியில பொறந்தவன் புழுதிக்கு எதுக்குத்தா கட்டுறான்? இது வாய்க்கு."

"வாய்க்கா?"

"உங்க சித்தி போட்டாள்ல ஒரு வருசம், அப்பலருந்து கட்டுறேன். அவ ஆசையாப் போட்டுருக்கா. என் வாயிலருந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு வந்து, அதுவும் நிக்காமப் போயிறக் கூடாதுல்ல." துண்டை மடித்துக்கொண்டே, "ஏற்கெனவே ஒண்ணு போச்சுல்ல" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காதுகுத்திலிருந்து வந்த அன்றே டிராக்டர் சக்கரத்தின் தடத்தைப் பார்த்திருக்கிறார். அறுத்துக் களம் சேரும்வரை முடிந்தமட்டும் வாய் திறப்பதில்லை என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் கருநாக்கை எங்கள் எல்லோரையும்விட உறுதியாக நம்பியவர் அவர்தான்.

"இதைச் சித்திட்ட சொல்லியிருக்கலாமே, சித்தப்பா?"

அவர் மண்ணைக் கீறி, மூடி, தட்டினார்.

"சொன்னா நம்பவா போறா" என்றார்.

மதுரைக்கு நேரே திரும்பவில்லை. அருப்புக்கோட்டையில் இறங்கிப் பந்தல்குடிப் பேருந்தில் ஏறினேன். டீக்கடை இப்போது சித்தியின் அண்ணன் மகனுடையது. சித்தி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புறப்படும் லாரிக்காரர்களிடம், "பாத்துப் போங்க, அந்தப் பக்கம் ரோடு நல்லா இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லும் குரலும் எனக்கு நன்கு பழகியவை, வேறொருவரிடம் கேட்டவை. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, என் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "முடியைக் கத்தரிச்சுட்டாகன்னு கேள்விப்பட்டேன். இப்ப வளத்துட்டியா?" என்றார்.

சித்தப்பா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டு லாரிகள் கடந்து போயின. சித்தி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"புழுதிக்குக் கட்டியிருப்பாக."

அதே சொல், அதே குரல். சிறு வயதில் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன். அது கேள்வி என்பதும், இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அந்தச் சுளகு ஒரு நொடி நின்றதும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆசைப்பட்டதைக் கேட்கத் துணியாதவர், அதற்கு எதிரானதை முதலில் தாமே சொல்லிப் பார்க்கிறார். சித்தப்பா வாழ்நாளெல்லாம் செய்ததும் அதுதான்.

"இல்ல சித்தி. அன்னைக்குக் காத்தே இல்ல" என்றேன்.

சித்தி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "இல்லையா?" என்றார். உள்ளே போய் எனக்கு டீ போட்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் குடித்து முடிக்கும்வரை தம்ளரையே பார்த்திருந்துவிட்டு, "இந்த வருசமும் குதிரைவாலிதான் போட்டுருக்காகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைக்கு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துக் கிழக்கே சிறிது நேரம் பார்த்தார். பிறகு என் பேருந்து வந்தது.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை, அம்மாவும் போய்விட்டார். சித்தப்பா இருக்கிறார். சித்தி இருக்கிறார்.